மேகமும் புதரும் ஒரே படம்தான்: 8-பிட் கேம் என்றால் என்ன?

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆடியவர்களுக்கு அதன் முதல் ஸ்டேஜ் கண்ணை மூடினாலும் தெரியும். நீல வானம், செங்கல், கேள்விக்குறி போட்ட பெட்டி, எதிரே தத்தித் தத்தி வரும் பழுப்புக் காளான். மேலே வெள்ளை மேகம், கீழே பச்சைப் புதர். அந்த மேகத்தையும் புதரையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேகத்தின் மேல்பாதியை அப்படியே தரையில் இறக்கி வைத்து, வெள்ளைக்குப் பதில் பச்சை அடித்தால் அதுதான் புதர்.

நானும் என் அண்ணனும் அந்த ஸ்டேஜை எத்தனை ஆயிரம் முறை தாண்டியிருப்போமோ தெரியாது, ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. பல வருஷம் கழித்து எங்கோ படித்தபோது, இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தேடப் போனதில் ஒன்று புரிந்தது: அந்தக் காலத்து கேம்களில் நமக்கு ஞாபகம் இருக்கிற விஷயங்களில் பாதி, யாரும் அழகுக்காக யோசித்துச் செய்தவை அல்ல. மெஷினில் இடம் இல்லை, வேகம் இல்லை, அதைச் சமாளிக்கப் போய் வந்தவை. எதிரிகள் மினுக்மினுக்கென்று மறைந்து தெரிவது, குதித்தால் பாட்டு லேசாக அறுபடுவது, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டு எழுதி வைத்தது, எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

முதலில் இந்த 8-பிட் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். எட்டு சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் போட்டிருக்கலாம், அணைத்திருக்கலாம். எட்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் மொத்தம் 256 விதமாக வைக்கலாம். அதாவது 0 முதல் 255 வரை எண்ணலாம், அதற்கு மேல் அந்த எட்டு சுவிட்சில் இடமில்லை. ஒரு சுவிட்ச் ஒரு பிட், எட்டும் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு நேரத்தில் இந்த எட்டு சுவிட்ச் அளவு எண்ணை மட்டும் கையில் எடுத்துக் கணக்குப் போடுகிற சிப் 8-பிட் சிப். பதினாறு சுவிட்ச் என்றால் 65,536 விதம். அது அடுத்த தலைமுறை, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்டால் சில பழைய சந்தேகங்கள் உடனே தீரும். தி லெஜெண்ட் ஆஃப் செல்டாவின் முதல் கேமில் எவ்வளவு ரூபி (அந்த கேமில் காசுக்குப் பெயர்) சேர்த்தாலும் 255-க்கு மேல் ஏறாது. ஏன் 300 இல்லை, ஏன் 250 இல்லை என்று சின்ன வயதில் யோசித்தவர்களுக்குப் பதில் இதுதான். ரூபி எண்ணிக்கைக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள், பை நிறைந்துவிட்டது.

ஒரு விஷயம், 8-பிட் என்பது படத்தின் பெயர் அல்ல, சிப்பின் பெயர். இப்போது கட்டம் கட்டமாகப் படம் வரைந்து 8-பிட் ஸ்டைல் என்று விற்கிற கேம்களில் பலவற்றை எடுத்துப்போய் அந்தக் காலத்து செட்டில் போட முடிந்தால் பாவம் அது திணறிச் செத்துவிடும். அவ்வளவு நிறம், அவ்வளவு அசைவு. எனக்கு அவை பிடிக்கும்தான், ஆனால் அது வேறு, இது வேறு.

சரி, உண்மையான மெஷினுக்கு வருவோம். நிண்டெண்டோ என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஃபேமிகாம் என்ற கேம் செட் 1983-இல் ஜப்பானில் வந்தது. 1985-இல் அதையே தோற்றம் மாற்றி என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவில் விட்டார்கள். நம்மில் பலர் ஆடியது இந்த இரண்டும் இல்லாமல், அதே சிப்பைப் பார்த்து யாரோ செய்த நகல் செட்டாகத்தான் இருக்கும். ஒரே கேசட்டில் 9999 கேம் என்று அட்டையில் போட்டிருக்கும், ஆசையாகப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனால் இருபது முப்பது கேமே வேறு வேறு பெயரில், வேறு வேறு ஸ்டேஜில் ஆரம்பிக்கும். அதுவும் அந்தக் கேசட்டில் இடமில்லாததால் வந்த தந்திரம்தான். (கேசட் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம், உள்ளே நாடா எதுவும் கிடையாது. ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதில் இரண்டு மூன்று சிப், மிச்சமெல்லாம் வெறும் காற்று.)

அந்த செட்டுக்குள் இருந்த சிப் ஒரு நொடிக்குச் சுமார் 18 லட்சம் முறை துடிக்கும். கேட்கப் பெரிதாக இருந்தாலும், டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது, ஆக ஒரு படத்துக்கு 30 ஆயிரம் துடிப்புதான் கையில். அதற்குள் பட்டனைப் படிக்கணும், மாரியோவை நகர்த்தணும், யார் யார்மேல் மோதினார்கள் என்று பார்க்கணும், பாட்டுப் போடணும். முடியாமல் போனால் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடும். திரையில் கூட்டம் சேர்ந்ததும் கேம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாகிவிடுமே, அது இதனால்தான். நான் அப்போது செட் சூடாகிவிட்டது என்று நினைத்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட். திரைக்கான நினைவகம் இன்னொரு 2 கிலோபைட். கேசட்டைப் பொறுத்தவரை, சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும், அதாவது 32 ஸ்டேஜ், எல்லா எதிரிகள், எல்லாப் பாட்டு, கடைசியில் வரும் இளவரசி உட்பட, 40 கிலோபைட். இன்று ஒரு மொபைலில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்குள் அந்த கேம் ஐம்பது தடவைக்கு மேல் அடங்கும்.

அது எப்படி முடிந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி, பெருக்கினால் 61,440. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று தனித்தனியாக எழுதி வைத்தால் ஒரே ஒரு திரைக்கே 15 கிலோபைட் போய்விடும், மூன்று திரைக்குள் மொத்த கேசட்டும் காலி. அதனால் புள்ளி புள்ளியாக வைக்கவில்லை. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதுபோல, எட்டுக்கு எட்டு புள்ளியில் சின்னச் சின்னச் சதுரங்களை வரைந்து வைத்தார்கள். ஒரு சதுரத்துக்கு 16 பைட். மாரியோ கேசட்டில் படங்களுக்கென்று இருந்தது 8 கிலோபைட், அதில் 512 சதுரம் பிடிக்கும். பாதி பின்னணிக்கு, பாதி நகர்கிற ஆட்களுக்கு. அந்த 512-க்குள்தான் எழுத்து, எண், செங்கல், குழாய், ஆமை, கோட்டை எல்லாம். ஸ்டேஜ் என்பது எந்த இடத்தில் எத்தனையாவது சதுரம் என்ற பட்டியல் மட்டும்தான், அந்தப் பட்டியலையும் இன்னும் சுருக்கித்தான் வைத்திருந்தார்கள்.

சதுரத்துக்குள் நிறமே கிடையாது என்பது இன்னொரு சங்கதி. இந்தப் புள்ளிக்கு முதல் நிறம், இதற்கு இரண்டாம் நிறம், இதற்கு மூன்றாம் நிறம் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். எந்த மூன்று நிறம் என்று வரைகிற நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். ஆக, மேகத்துக்கு ஒருமுறை வரைந்தாயிற்று, வேறு மூன்று நிறத்தைக் கையில் கொடுத்தால் அதே சதுரங்கள் புதராகிவிடும், புதுப் படம் வேண்டியதில்லை. தரைக்குக் கீழே போகும் ஸ்டேஜில் செங்கல் நீலமாக மாறுவதும், பூ எடுத்ததும் மாரியோ வெள்ளை உடைக்கு மாறுவதும் இப்படித்தான்.

அந்தப் பழுப்புக் காளான் நடையை உற்றுப் பாருங்கள், அதன் பெயர் கூம்பா. அதற்கு நடப்பதற்கு இரண்டாவது படமே கிடையாது. ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். ஒருமுறை இடது கால் முன்னால் இருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பினால் வலது கால் முன்னால் வரும். அதைத்தான் நாம் நடை என்று நம்பினோம்.

மாரியோவின் மீசையும் அப்படி வந்ததுதான். 1981-இல் வந்த டாங்கி காங் கேமுக்காக நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ அந்த ஆளை வரைந்தபோது கையில் இருந்தது சில புள்ளிகள்தான். முடி வரைய இடமில்லை, தொப்பி போட்டுவிட்டார். வாய் வரைய முடியாது, மூக்குக்குக் கீழே மீசை வைத்துவிட்டால் மூக்கும் தெரியும், வாயும் வேண்டாம். கை ஆடுவது தெரியணும் என்பதற்காகச் சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் ஒரு ஓவரால், அதாவது மார்புவரை வரும் கால்சட்டை. உலகத்தில் இத்தனை பேருக்குத் தெரிந்த ஒரு முகம், உண்மையில் முகம் வரைய இடமில்லாததால் வந்த முகம்.

இப்போது மினுக்கலுக்கு வருவோம். கான்ட்ரா ஆடியவர்களுக்கு நன்றாகத் தெரியும். எதிரிகள் நாலாபக்கமும் வந்து, குண்டுகளும் பறக்க ஆரம்பித்ததும் சில உருவங்கள் நடுங்கும், பாதி மறையும், திரும்ப வரும். அண்ணன் டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவான். டிவி ஒரு பாவமும் செய்யவில்லை. நகர்கிற உருவங்களை ஸ்ப்ரைட் என்பார்கள். செட்டுக்குள் படம் வரைவதற்கென்றே இருந்த தனிச் சிப் ஒரே நேரத்தில் 64 ஸ்ப்ரைட் வரையும், ஆனால் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வரையாது. ஒரு ஸ்ப்ரைட்டின் அகலம் எட்டுப் புள்ளி. மாரியோ அகலத்துக்கு ஒருவர் நிற்க இரண்டு வேண்டும். அப்படி நாலு பேர் ஒரே மட்டத்தில் நின்றாலே எட்டு முடிந்தது. ஐந்தாவதாக வருகிறவன் அந்தக் கோட்டில் கண்ணுக்குத் தெரியமாட்டான், ஆனால் அங்கேதான் இருப்பான், இடித்தால் லைஃப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி அநியாயம் இல்லையா? அதனால் கேம் எழுதியவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு படத்திலும் வரிசையை மாற்றினார்கள். இந்த முறை ஐந்தாமவன் மறைகிறான் என்றால் அடுத்த முறை அவன் முன்னால் வந்து வேறொருவன் மறைவான். நொடிக்கு 60 முறை இப்படி மாறும்போது யாரும் முழுதாகக் காணாமல் போகமாட்டார்கள், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மினுக்குவார்கள். அதாவது நாம் கோளாறு என்று நினைத்தது, கோளாறைப் பங்குபோட்டுக் கொடுத்த நியாயம்.

சத்தமும் இதே கதைதான். அந்த செட்டில் ஒரே நேரத்தில் ஐந்து குரல். இரண்டு பீப் மாதிரியான குரல், அடிநாதத்துக்கு ஒன்று, தாளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சின்னத் துணுக்குகளுக்கு ஒன்று. பாட்டும் இந்தக் குரல்களில்தான் போகணும், குதிக்கிற சத்தமும் காசு எடுக்கிற சத்தமும் இதிலேயேதான் வரணும். ஆகவே மாரியோ குதித்தால் பாட்டின் ஒரு குரல் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு வழிவிடும், அப்புறம் பாட்டு போய்க்கொண்டிருக்கும் இடத்தில் சேர்ந்துகொள்ளும். குதிக்காமல் சும்மா நின்று முழுப் பாட்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், வேறு பாட்டு மாதிரி இருக்கும்.

மெஷினின் தடுமாற்றமே கேமாகிப் போனதும் உண்டு. 1978-இல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 11 பேர் வீதம் ஐந்து வரிசை, மொத்தம் 55 வேற்றுக்கிரகவாசிகள். சிப்புக்கு இருந்த வேகத்தில் ஒரு படத்துக்கு ஒருவரைத்தான் நகர்த்த முடிந்தது. 55 பேரும் ஒரு அடி வைக்க 55 படம் ஆகும், அதனால் ஆமை வேகம். பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் வேகம் இரண்டு மடங்கு. கடைசி ஒருவன் மிஞ்சும்போது அவனுக்கு ஒவ்வொரு படத்திலும் முறை வந்துவிடும், பறப்பான். நிஷிகாடோ இதைக் கவனித்தார், திருத்தாமல் விட்டுவிட்டார். நாம் ஜெயிக்க ஜெயிக்க கேம் கடினமாகிக்கொண்டே போகும் என்ற பழக்கத்துக்கு இது பெரிய முன்மாதிரி.

எல்லாத் தடுமாற்றமும் இப்படி நல்லதாக முடியவில்லை. 1980-இல் வந்த பேக்மேனுக்கு முடிவே கிடையாது என்று வைத்திருந்தார்கள், ஸ்டேஜ் எண்ணிக்கைக்கு ஒரு பைட். யார் 255 ஸ்டேஜ் தாண்டப்போகிறார்கள் என்ற தைரியம். தாண்டினார்கள். 256-ஆவது ஸ்டேஜில் எண்ணிக்கை பைட்டுக்குள் அடங்காமல் சுழியத்துக்குத் திரும்ப, கீழே பழங்களை வரிசையாக வரைகிற வேலை கணக்குத் தப்பி 256 பழம் வரையப் போகிறது. அவ்வளவு பழத்துக்கு இடம் ஏது? திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் குப்பையாகச் சிதறி, அதற்குமேல் ஆட முடியாது. எட்டு சுவிட்சும் தீர்ந்துபோனால் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது.

ஏன் அவ்வளவு கஷ்டமாக வைத்தார்கள் என்று இன்னமும் கேட்கிறவர்கள் உண்டு. காசு போட்டு ஆடும் மெஷின்களிலிருந்து வந்த பழக்கம் ஒரு காரணம், சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு. வீட்டுக்கு வந்த பிறகு இடப்பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. கான்ட்ராவில் எட்டே ஸ்டேஜ், கை பழகியவர் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். மூன்று லைஃபோடு விட்டதால்தான் அது நமக்கு ஒரு முழு விடுமுறைக்கு வந்தது. முப்பது லைஃப் தரும் அந்த மந்திரம், மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, அது முதலில் 1986-இல் கிரேடியஸ் என்ற கேமில் வந்தது. அதை வீட்டு செட்டுக்கு மாற்றிய கஸுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அந்த கேம் ஆட முடியாத அளவு கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாகத் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது.

பாஸ்வேர்டு விஷயத்தில் பலர் இன்னும் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாம் விட்ட இடத்தைக் கேசட் எங்கோ எழுதி வைத்திருக்கிறது, பாஸ்வேர்டு அதற்குச் சாவி என்று. அப்படி எழுத அந்தக் கேசட்டில் இடமே இல்லை, அதிலுள்ள சிப்பைப் படிக்க மட்டும்தான் முடியும். செட்டின் 2 கிலோபைட்டோ சுவிட்சை அணைத்ததும் போச்சு. அதனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எந்த ஆயுதம் கிடைத்தது, எந்தக் கதவு திறந்தது என்ற மொத்தத் தகவலையும் எழுத்துகளாக மாற்றி உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மெட்ராய்டு கேமில் அது 24 எழுத்து. ஆக, உங்கள் நோட்டுப் புத்தகம்தான் அந்தக் கேசட்டின் மெமரி கார்டு. 0-வா ஓ-வா என்று தெரியாமல் ஒரு வாரத்து ஆட்டத்தைத் தொலைத்தவர்கள் கை தூக்கலாம், நான் ஏற்கெனவே தூக்கிவிட்டேன்.

1987-இல் அமெரிக்காவில் வந்த செல்டா கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி வைத்து இதற்கு வழி செய்தார்கள். பேட்டரி உயிரோடு இருக்கும்வரை உள்ளே இருக்கும் நினைவகமும் உயிரோடு இருக்கும். அணைக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே அணைக்கணும் என்று ஒரு நிபந்தனை, இல்லாவிட்டால் சேமித்தது கெட்டுப்போகலாம். பழைய கேசட் வைத்திருப்பவர்கள் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. அந்த பேட்டரிகள் தீர்கிற வயதுக்கு எப்போதோ வந்துவிட்டன.

ஊதுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாரும் மன்னிக்கமாட்டார்கள். கேசட் ஓடவில்லையா, எடு, அடியில் ஊது, திரும்பச் சொருகு, ஓடும். இதில் வேலை செய்தது ஊதியது அல்ல, எடுத்துத் திரும்பச் சொருகியது. அடியில் இருக்கும் 60 அல்லது 72 பின்களும் செட்டுக்குள் இருக்கும் பின்களைச் சரியாகத் தொடணும். தேய்மானத்திலோ அழுக்கிலோ ஒன்று தொடவில்லை என்றாலும் திரை முழுக்கக் கோலம்தான். திரும்பச் சொருகும்போது உரசி வேறு இடத்தில் தொடும், சரியாகிவிடும். வாயிலிருந்து போன ஈரம் நாளடைவில் பின்னைக் கெடுக்கத்தான் செய்யும், நிண்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொல்லியிருந்தது. ஆனால் ஊதியதும் ஓடியதைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லி ஜெயிக்க முடியாது.

கடைசியாக, செட்டில் மாட்டி ஆடும் அந்தப் பொம்மைத் துப்பாக்கி. டக் ஹன்ட் கேமில் வாத்தைச் சுட்டால் துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எதுவும் போவதில்லை, டிவியிலிருந்துதான் துப்பாக்கிக்கு வருகிறது. குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னக் கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று துப்பாக்கிக் கண்ணுக்குத் தெரிந்தால் குறி சரி. இரண்டு வாத்து பறந்தால் சதுரமும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை வரும், எந்த முறை வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும். டியூப் லைட்டைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றப் பார்த்தோம், அந்த ஒரு கணக் கறுப்பு எங்களைக் காட்டிக் கொடுத்தது.

இதெல்லாம் பழைய குண்டு டிவியை நம்பிச் செய்த ஏற்பாடு. அதில் படம் வந்த அதே கணத்தில் கோடு கோடாகத் திரையில் பளிச்சிடும். இப்போதைய தட்டை டிவி படத்தை வாங்கி, கொஞ்சம் பிசைந்து, சில கணம் கழித்துத்தான் காட்டுகிறது. துப்பாக்கி பார்க்கச் சொல்லும் நேரத்தில் வெள்ளைச் சதுரம் திரைக்கே வந்திருக்காது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு மனசு கேட்கவில்லை. பரணிலிருந்த செட்டை இறக்கித் துடைத்து, பெரிய டிவியில் மாட்டி, அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, திரையை ஒட்டினாற்போல் துப்பாக்கியை வைத்துச் சுட்டேன். ஒரு வாத்துகூட விழவில்லை. குறி தப்பினால் சிரிக்கும் அந்த கேமின் நாய் புல்லுக்குள்ளிருந்து எழுந்து, அப்போது சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துவிட்டு உள்ளே போனது.